பார்சிலோனாவுக்கு ஏழு நாள்: ஒரு மில்காரர் மகனின் பயணத் திட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் பாடம் நடத்திய ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் ஸ்பெயின் நாட்டில், பார்சிலோனா நகரத்தில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் வீட்டுக்கு வந்தான். "சார், அம்மாவக் கூட்டிக்கிட்டு ஒரு வாரம் வந்துட்டுப் போங்க சார். ரூம் இருக்குது, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் கடைசி பெஞ்ச். நான் அதிகமாகத் திட்டியது அவனைத்தான். அது வேறு கதை.

சரி, போகலாம் என்று முடிவாயிற்று. அடுத்த ஏப்ரல் 18 முதல் 24 வரை ஏழு நாள். ஒரு நோட்டுப் போட்டுத் திட்டம் எழுத ஆரம்பித்தேன். பேத்தி கைப்பேசியில் தேடிக் கொடுத்த பட்டியலில் கடற்கரை, கால்பந்து மைதானம், தேவாலயம், கடைவீதி எல்லாம் இருந்தன. நான் எழுதிய பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "ஏனுங்க, மில்லு பாக்கறதுக்கா அத்தனை தூரம் போறது? பீளமேட்டுல இல்லாத மில்லா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். பார்சிலோனாவின் போப்லனோ பகுதிக்கு ஒரு காலத்தில் 'கத்தலோனியாவின் மான்செஸ்டர்' என்று பெயர். இரண்டுமே பஞ்சால் வளர்ந்த ஊர்கள். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முயற்சியில் கோவையின் முதல் பஞ்சாலை, 'கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்ட் வீவிங்', தொடங்கியது. நம் ஊர்க்காரர் வாயில் அது 'ஸ்டேன்ஸ் மில்'. அதே 1888-ல் பார்சிலோனாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. நாம் முதல் மில் கட்டும்போது அவர்கள் அரை நூற்றாண்டு மில் அனுபவத்தோடு உலகத்துக்குக் கண்காட்சி வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஊர்களிலும் பிற்பாடு மில்கள் மூடின. மூடிய பிறகு அவர்கள் என்ன செய்தார்கள், நாம் என்ன செய்தோம்? நான் பார்க்கப் போவது இதைத்தான்.

இனி நாள்வாரியாகச் சொல்கிறேன்.

முதல் நாள்: எல் போர்ன்

பழைய நகரத்துக்குள் எல் போர்ன் என்ற இடத்தில் 1876-ல் கட்டிய பெரிய இரும்புச் சந்தைக் கட்டடம் இருக்கிறது. அதற்குள் நூலகம் கட்டலாம் என்று தோண்டியபோது அடியில் ஒரு தெருவே கிடைத்தது. வீடுகளின் சுவர், கிணறு, வடிகால் எல்லாம். நூலகத் திட்டத்தைக் கைவிட்டு, தோண்டிய குழியை அப்படியே விட்டு, 2013-ல் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள்.

அந்த வீடுகள் ஏன் மண்ணுக்குள் போயின? 1714 செப்டம்பர் 11-ல், நீண்ட முற்றுகைக்குப் பிறகு, ஐந்தாம் பிலிப் மன்னரின் படையிடம் பார்சிலோனா விழுந்தது. நகரத்தை மிரட்டி வைக்க ஒரு கோட்டை கட்டினார்கள். அதற்காக அந்தப் பகுதி வீடுகளை இடித்தார்கள். கோட்டை பிற்காலத்தில் இடிபட்டுப் பூங்காவானது. 1888 பொருட்காட்சி நடந்தது அந்தப் பூங்காவில்தான்.

நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த வரி. அதே பிலிப் மன்னர் 1718-ல் ஆசியாவிலிருந்து வரும் பட்டுக்கும் அச்சுத் துணிக்கும் தடை போட்டார். பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டிருந்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் கொண்டுவந்தது. எதற்கு இத்தனை சட்டம்? நம் சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் போட்ட பூ அச்சுப் பருத்தித் துணியை ஐரோப்பாவில் அரசி முதல் வேலைக்காரப் பெண் வரை விரும்பிக் கட்டினார்கள். அவர்கள் கம்பளியும் பட்டும் விலைபோகவில்லை.

துணிக்குத்தான் தடை, ஆசைக்குத் தடை போட முடியுமா? அதையே உள்ளூரில் செய்ய ஆரம்பித்தார்கள். 1730-களில் பார்சிலோனாவில் முதல் அச்சுத் துணிப் பட்டறைகள் வந்தன. அந்தத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் 'இந்தியானா'. கத்தலோனியாவின் தொழிற்புரட்சி இந்தப் பட்டறைகளிலிருந்துதான் வளர்ந்தது. நம் துணியைப் பார்த்து, நம் பெயரையே வைத்துத் தொடங்கிய தொழில் அது. முப்பது வருடம் வரலாறு நடத்தினேன், இதை ஒரு நாளும் வகுப்பில் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

இரண்டாம் நாள்: பிரெமியா தே மார்

கடலோரமாக ரயிலில் போக வேண்டும். பார்சிலோனாவிலிருந்து மத்தரோ வரைக்கும் 1848-ல் போட்ட அந்தப் பாதைதான் ஸ்பெயின் தீபகற்பத்தின் முதல் ரயில் பாதை. வழியில் உள்ள சின்ன ஊர் பிரெமியா தே மார். அங்கே துணி அச்சடிப்புக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் பக்கத்து வித்தையை ஐரோப்பியர் கற்றுக்கொள்ள நாள் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. வெறும் சாயத்தைத் துணியில் பூசினால் இரண்டு துவைப்பில் போய்விடும். நம்மவர்கள் முதலில் படிக்காரக் கரைசலால் பூவை வரைந்தார்கள். பிறகு முழுத் துணியையும் சாயவேர் போட்டுக் காய்ச்சினார்கள். படிக்காரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு கெட்டியாகப் பிடிக்கும், மற்ற இடம் வெளுத்துவிடும். சாயம் போகாத துணி என்று உலகம் வாங்கியது இந்தச் சூட்சுமத்துக்காகத்தான். பார்சிலோனாக்காரர்கள் மரக்கட்டையில் பூவைச் செதுக்கி அச்சு வைத்தார்கள். நூலை மால்ட்டா தீவிலிருந்து வரவழைத்தார்கள், பிறகு அமெரிக்கப் பஞ்சு வந்தது.

அச்சுக்கு முன்னால் துணியை வெளுக்க வேண்டுமே. நகரத்துக்கு வெளியே நீர்வளமுள்ள புல்வெளிகளில் கெஜக்கணக்காக விரித்துப் போட்டு வெயிலில் வெளுத்தார்கள். அந்தப் புல்வெளிகள் இருந்த இடத்தில்தான் பின்னால் போப்லனோ மில்கள் எழுந்தன. திருப்பூர் சொந்தங்களே, நொய்யல் கரையும் சாயப்பட்டறையும் ஞாபகம் வருகிறதா?

மூன்றாம் நாள்: ரவாலும் மூன்று புகைபோக்கிகளும்

ரவால் பகுதியில் தாயர்ஸ் என்று ஒரு தெரு. 1832-ல் போனபிளாட்டா என்பவரும் கூட்டாளிகளும் அங்கே ஸ்பெயினின் முதல் நீராவி ஆலையைத் தொடங்கினார்கள். மக்கள் அதை 'எல் வபோர்', அதாவது 'நீராவி' என்றே அழைத்தார்கள். மூன்று வருடம்கூட நிலைக்கவில்லை. 1835 ஆகஸ்ட் 5 இரவு நடந்த கலவரத்தில் எரித்துவிட்டார்கள். 1854-ல் புதிய தானியங்கி நூற்பு இயந்திரங்களை எரித்தார்கள். ஒரு இயந்திரம் வந்தால் எத்தனை பேர் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பயம்தான்.

1855 ஜூன் 6-ல் நூற்பாளர் சங்கத் தலைவர் ஜோசப் பர்செலோ என்பவருக்கு ஒரு கொலை வழக்கில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அடுத்த மாதமே, ஜூலை 2-ல், சங்கம் வைக்கும் உரிமை கேட்டு ஸ்பெயினின் முதல் பொது வேலைநிறுத்தம் பார்சிலோனாவில் தொடங்கியது.

இதைப் படித்தபோது எனக்கு சின்னியம்பாளையம்தான் கண்ணில் வந்தது. ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். நான்கு மில் தொழிலாளர்கள். ஆலைத் தகராறில் எழுந்த கொலை வழக்கில் 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நாடு விடுதலையாக ஒன்றரை வருடம் இருந்தது. இன்றும் ஒவ்வொரு ஜனவரி 8-க்கும் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. அவினாசி ரோட்டில் அந்த ஊரைத் தாண்டி விமான நிலையத்துக்குப் போகிற எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் தெரியும்? தெரியாவிட்டால் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

அன்று சாயங்காலம் பரலேல் என்ற பெரிய சாலைக்குப் போக வேண்டும். பழைய மின் நிலையத்தின் மூன்று புகைபோக்கிகளை அப்படியே நிறுத்தி, சுற்றிலும் பூங்கா வைத்திருக்கிறார்கள். அந்த மின் கம்பெனியைக் 'கனடாக்காரி' என்பார்கள், கனடா முதலீடு என்பதால். 1919 பிப்ரவரியில் அங்கே தொடங்கிய வேலைநிறுத்தம் 44 நாள் நடந்தது. ஊரே இருட்டில் கிடந்தது, டிராம் நின்றது, ஆலைகள் நின்றன. ஏப்ரல் 3-ல் நாடு முழுக்க எட்டு மணி நேர வேலை என்று அரசு ஆணை வந்தது. நீங்கள் வேலை பார்க்கும் எட்டு மணி நேரத்துக்குப் பின்னால் உலகத்தில் பல ஊர்களின் கதை இருக்கிறது. அதில் இதுவும் ஒன்று.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. கத்தலோனியாவில் நல்ல நிலக்கரி கிடையாது, கப்பலில்தான் வர வேண்டும். பைரனீஸ் மலை ஆறுகளில் அணை கட்டி மின்சாரம் எடுத்த பிறகு அந்தக் கவலை குறைந்தது. நமக்கும் அதே கதை. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் கோவையைச் சுற்றி மில்கள் காளான் மாதிரி முளைத்தன.

நான்காம் நாள்: சான்ட்ஸ்

என் திட்டத்தின் நெஞ்சுப்பகுதி இந்த நாள்தான்.

நகரச் சுவருக்குள் புதிதாக நீராவி ஆலை கூடாது என்றான பிறகு ஆலைகள் வெளியே நகர்ந்தன. அப்படி வளர்ந்த இடம் சான்ட்ஸ். அங்கே குவெல் குடும்பத்தின் 'பழைய நீராவி ஆலை' இன்று பொது நூலகமாகவும் பள்ளிக்கூடமாகவும் இருக்கிறது. புகைபோக்கி பக்கத்திலேயே நிற்கிறது. நூல் நூற்ற இடத்தில் நூல் படிக்கிறார்கள். தமிழில் சொல்லும்போதுதான் இதற்கு அழகு.

கொஞ்ச தூரத்தில் 'எஸ்பானியா இன்டஸ்ட்ரியல்' என்ற மிகப் பெரிய ஆலை இருந்தது. ஆலை ஊரைவிட்டுப் போனதும் அந்த நிலம் யாருக்கு என்ற கேள்வி வந்தது. அடுக்குமாடி கட்ட வேண்டாம், ஊருக்குப் பூங்கா வேண்டும் என்று அக்கம்பக்கத்து மக்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 1985-ல் பூங்கா திறந்தது. ஆலையின் பெயரே பூங்காவின் பெயர்.

மதியத்துக்கு மேல் கசரமோனா ஆலை. 1911-ல் கட்டி முடித்த செங்கல் மாளிகை. கட்டியவர் புய்க் இ கடஃபால்க் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். கோபுரம் மாதிரித் தெரிகிற இரண்டும் தீ விபத்துக்காக வைத்த தண்ணீர்த் தொட்டிகள். ஆலை சில வருடமே ஓடியது. பிறகு போலீஸ் குதிரை லாயமாகக் கிடந்தது. 2002-ல் கலைக்கூடமாகத் திறந்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் அப்பா கோவையில் ஒரு மில்லில் 34 வருடம் ரிங் ஃப்ரேமில் சைடர். பெயர் சொல்ல வேண்டாம், பெரியவர்களுக்குத் தெரியும். முதலில் பதிலி, பிறகுதான் பெர்மனன்ட். பகல் ஷிப்ட், அரை நைட்டு, முழு நைட்டு என்று மாறி மாறி வரும். எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது, சங்குதான் கடிகாரம். வீட்டுக்கு வரும்போது தலையும் புருவமும் பஞ்சுத் தூசியில் வெள்ளையாக இருக்கும். வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் அவருக்கு நெஞ்சு இறுக்கிக்கொள்ளும். "ஒண்ணுமில்ல கண்ணு, தூசி" என்பார். பஞ்சுத் தூசியால் வருகிற அந்த நோய்க்கு 'பைசினோசிஸ்' என்று பெயர், லீவுக்கு அடுத்த நாள் அதிகமாவதுதான் அதன் அடையாளம் என்று பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அப்பா இல்லை.

அந்த மில் மூடி, இடிபட்டு, இப்போது அடுக்ககம் நிற்கிறது. நம் சொந்தத்திலேயே ஒரு தம்பி அங்கே வீடு வாங்கி, கிரகப்பிரவேசத்துக்கு அழைத்திருந்தான். நல்ல வீடு, சந்தோஷம். குறையாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி வாட்ச்மேனிடம், "புகைபோக்கி எந்தப் பக்கம் தம்பி இருந்துச்சு?" என்றேன். "எந்தப் புகைபோக்கிங்க?" என்றார். அங்கே ஒரு மில் இருந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை. சொல்ல அங்கே ஒரு கல்கூட இல்லை.

ஐந்தாம் நாள்: கொலோனியா குவெல்

நகரத்திலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம். சான்ட்ஸில் தொழிலாளர் பிரச்சினை அதிகம் என்று எவுசேபி குவெல் 1890-ல் ஆலையை இந்தக் கிராமத்துக்கு மாற்றினார். வெல்வெட்டும் கார்டுராயும் நெய்தார்கள். ஆலையோடு தொழிலாளர் வீடு, பள்ளிக்கூடம், கடை, தேவாலயம் எல்லாம் கட்டினார். தேவாலயத்தைக் கட்டக் கொடுத்தது ஆன்டனி கௌடியிடம். 1914-ல் வேலை நின்றபோது அடித்தளக் கோயில் மட்டுமே முடிந்திருந்தது. அதற்கே 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம். ஆலை 1973-ல் மூடியது, ஊர் இருக்கிறது.

நம் ஊர் மில் காலனிகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. வீடும் முதலாளி கொடுத்தது, பள்ளிக்கூடமும் முதலாளி கட்டியது. அதில் நன்மையும் உண்டு. வேலை போனால் வீடும் போகும் என்ற பயமும் உண்டு. கோவையின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் சொத்தை ஐந்து பாகமாக்கி, ஒரு பாகத்தை 1926-ல் அறநிலையத்துக்கு வைத்தார்கள். 1951-ல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. உங்களில் எத்தனையோ பேர் பொறியாளர் ஆனதற்குப் பின்னால் பஞ்சுப் பணம் இருக்கிறது. மில் இயந்திரத்தைப் பழுது பார்த்த பட்டறைகள்தான் பின்னால் மோட்டாரும் பம்பும் செய்தன.

அவர்கள் பணமும் சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். குவெல் மணந்தது அந்தோனியோ லோபஸ் என்ற கப்பல் முதலாளியின் மகளை. லோபஸ் கியூபாவில் அடிமை வியாபாரத்தில் சம்பாதித்தவர் என்பதால், பார்சிலோனாவில் இருந்த அவர் சிலையை 2018-ல் நகராட்சியே இறக்கிவிட்டது. எதை நிறுத்தி வைப்பது, எதை இறக்குவது என்று அவர்களும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பழையதைக் காப்பது என்றால் பழையதை எல்லாம் கும்பிடுவது என்று பொருள் இல்லை. அதைப் பற்றிப் பேச ஒரு இடம் வைத்துக்கொள்வது.

ஆறாம் நாள், ஏப்ரல் 23: புத்தகமும் ரோஜாவும்

இந்த ஒரு நாளுக்காகத்தான் ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தேன். அன்று அங்கே சான்ட் ஜோர்டி திருநாள். தெருவெல்லாம் புத்தகக் கடை, ரோஜாக் கடை. ஒருவருக்கொருவர் புத்தகமும் பூவும் கொடுத்துக்கொள்வார்கள். அந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் யுனெஸ்கோ 1995-ல் ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்தது. நம் பள்ளியில் வருடா வருடம் கொண்டாடினோமே, அதன் மூலம் இதுதான்.

காலையில் சக்ராடா ஃபமிலியா தேவாலயம். இது வீட்டுக்காரம்மாவின் நாள். 1882-ல் தொடங்கிய கட்டடம். அடுத்த வருடம் பொறுப்பேற்ற கௌடி, 1926-ல் டிராம் மோதி இறக்கும் வரை அதிலேயே இருந்தார். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் 1909-ல் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கட்டினார். கூரை அலை மாதிரி வளைந்திருக்கும். கோபுரத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நான் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும்.

ஏழாம் நாள்: சான்ட் அந்த்ரேவ், போப்லனோ, கடல்

காலையில் சான்ட் அந்த்ரேவில் 'ஃபாப்ரா இ கோட்ஸ்' நூல் ஆலை. கோட்ஸ் என்றதும் மதுரைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆமாம், மதுரா கோட்ஸில் இருக்கிற அதே ஸ்காட்லாந்துக் கோட்ஸ்தான். தையல் பெட்டியில் இருக்கும் நூல்கண்டு வழியாக மதுரையும் பார்சிலோனாவும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அந்த ஆலை இப்போது கலைஞர்கள் வேலை செய்யும் இடம். கொதிகலன் அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

மதியம் போப்லனோ. இங்கே எல்லாம் நல்லபடியாக நடக்கவில்லை. 1992 ஒலிம்பிக்குக்காகக் கடலோர ஆலைகள் பலவற்றை இடித்தார்கள். 2000-க்குப் பிறகு கணினித் தொழில் பேட்டை என்று திட்டம் வந்தபோது, கான் ரிகார்ட் என்ற பழைய அச்சுத் துணி ஆலையைக் காப்பாற்ற ஊர்மக்கள் கொடி பிடித்தார்கள். அந்தப் போராட்டத்தால்தான் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே தனியாக ஒவ்வொரு புகைபோக்கி நிற்குமாம். மாணவன் படம் அனுப்பியிருக்கிறான். சுற்றி ஆலை இல்லை, புகை இல்லை. ஆனால் பக்கத்தில் விளையாடுகிற பிள்ளை "இது என்ன?" என்று கேட்கும். அதற்குத்தான் அது நிற்கிறது.

சாயங்காலம் கடற்கரையில் உட்கார வேண்டும். அதற்கு முன்னால் துணிக்கடை ஒன்றில் ஏறி ஒரு பனியனை எடுத்து உள்ளே இருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும். 'மேட் இன் இந்தியா' என்று இருந்தால் திருப்பூராக இருக்க வாய்ப்பு அதிகம். முந்நூறு வருடத்துக்கு முன் நம் துணிக்குத் தடை போட்ட ஊர், அதைப் பார்த்தே தொழில் கற்று, மில் கட்டி, மூடி, இன்று மறுபடி நம் துணியைக் கட்டுகிறது.

கேட்டவர்களுக்குச் சில விவரம்

கோவையிலிருந்து நேர் விமானம் இல்லை, வழியில் மாற வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். தேவாலயத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. மெட்ரோவில் பத்துப் பயணச் சீட்டு ஒருவருக்கு மட்டுமே, இரண்டு பேர் பகிர முடியாது. சைவச் சாப்பாட்டுக்குப் பயமில்லை, ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருவது அங்கே எல்லா இடத்திலும் கிடைக்குமாம். மேலே தூவ வீட்டுக்காரம்மா பருப்புப் பொடி எடுத்துக்கொள்கிறார்.

கடைசியாக ஒன்று

என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே மில் சங்கு ஊதும். மூன்றரை மணிச் சங்கு ஊதியதும் உங்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பீர்கள், அப்பா ஷிப்ட் முடிந்து வருகிற நேரம். நான் ஸ்கேலால் மேசையைத் தட்டி, "இங்க கவனிங்க" என்று சொல்லிவிட்டு, லங்காஷயர் மில்களைப் பற்றிப் பாடம் நடத்துவேன். நூற்கும் ஜென்னி, ஆர்க்ரைட், மான்செஸ்டர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். உங்கள் அப்பாவும் என் அப்பாவும் உள்ளே என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. தேர்வில் வராது என்பது ஒரு காரணம். மில்காரர் மகன் என்று சொல்லிக்கொள்ள எனக்கிருந்த கூச்சம் இன்னொரு காரணம். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

2020 ஊரடங்கில் நின்ற தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் கோவையில் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வார்கள் என்று தீர்மானிக்க நான் யார்? ஆனால் சான்ட்ஸ் மக்கள் கேட்டதை நாமும் கேட்கலாம். ஒரு புகைபோக்கி, ஒரு கொதிகலன் அறை, ஒரு நூலகம். அதிகமாக ஒன்றும் இல்லை.

அங்கே போவதற்கு முன்னால் இங்கே ஏழு ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிறேன். பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பகுதி. காலை ஆறரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். வருகிறவர்கள் வாருங்கள், டீ என் செலவு.

வர முடியாதவர்கள் வீட்டு அலமாரியைத் தேடிப் பாருங்கள். அப்பாவின், அப்பாருவின், அம்மாவின் மில் பாஸ், சம்பளச் சீட்டு, சங்க ரசீது, போனஸ் வாங்கிய நாளில் எடுத்த படம், எது இருந்தாலும் படம் பிடித்து அனுப்புங்கள். கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த அம்மாக்கள் இருந்தால் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். அவர்கள் இருக்கும்போதே செய்யுங்கள், எனக்குக் கேட்கத் தோன்றியபோது அப்பா இல்லை.

அவருடைய பித்தளை டோக்கன் மட்டும் என்னிடம் இருக்கிறது. நம்பர் 412. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறுவேன். சான்ட்ஸ் நூலகத்தில் அந்தப் புகைபோக்கிக்குக் கீழே ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்